மேலே எடுபடுமா? ஸ்பெயின் 2022இல் தன் பாட்டைத் தெரிவு செய்த கதை

பதினைந்து வயதில் ஒரு பாட்டுப் போட்டியில் அம்மம்மா சொல்லித் தந்த தாலாட்டு ஒன்றைப் பாடினேன். தம்பலகாமத்து வயல்பக்கத்துத் தாலாட்டு. மண்டபத்தில் இருந்தவர்கள் இன்னொரு தடவை பாடச் சொன்னார்கள். நடுவர்களில் ஒருவர் பிறகு என்னைக் கூப்பிட்டு, அன்பாகவே, "நல்லாத்தான் இருக்கு மகள், ஆனால் மேலே போனால் எடுபடாது" என்றார். அடுத்த மட்டத்துக்கு வேறொரு பாட்டுப் போனது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வசனம் மட்டும் போகவே இல்லை. மேலே என்றால் யார்? அங்கே எது எடுபடும் என்று இங்கே இருப்பவர் எப்படி முடிவு கட்டுகிறார்?

உவர்மலையில் ஒரு வீட்டு விறாந்தையில் ஞாயிறு பின்னேரங்களில் ஆறேழு பேர் கூடிப் பாட்டுக் கேட்போம். ஓய்வுபெற்ற சங்கீத டீச்சர், கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் கணித ஆசிரியர் (எங்களுக்கு அவர் நானா), திருக்கடலூரில் கரைவலை இழுக்கும் அண்ணர், மாதத்துக்கு ஒருமுறை கந்தளாயிலிருந்து வரும் சிங்கள நண்பர், இன்னும் இரண்டொருவர். அங்கே நாங்கள் நான்கு கிழமை உட்கார்ந்து பிரித்துப் பார்த்த சம்பவம் இது. நாடுகள் ஆளுக்கொரு பாட்டோடு மோதும் ஐரோப்பியப் பாட்டுப் போட்டி யூரோவிஷன். 2022 ஜனவரியில் ஸ்பெயின் அதற்குத் தன் பாட்டைத் தெரிவு செய்தது. மக்கள் வாக்கில் பத்தில் ஏழு பங்கு எடுத்த பாட்டு மூன்றாம் இடத்துக்குப் போனது. அந்தப் பாட்டு ஒரு சிறுபான்மை மொழிப் பாட்டு. திருகோணமலையில் இருந்துகொண்டு இதைச் சும்மா வெளிநாட்டுச் செய்தி என்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

போட்டி எப்படி நடக்கிறது

யூரோவிஷன் 1956 மே 24 அன்று சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளோடு தொடங்கியது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் நடத்துகிறது. பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது, மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது, முதன்மைக் குரல் நேரடியாகப் பாடப்பட வேண்டும், எந்த நாட்டு மக்களும் தங்கள் நாட்டுக்கே வாக்களிக்க முடியாது. இவையெல்லாம் எழுதிவைத்த விதிகள். ஆனால் ஒரு நாடு தன் பாட்டை எப்படித் தெரிவு செய்வது என்பது அந்தந்த நாட்டு ஒலிபரப்பு நிறுவனத்தின் விருப்பம்.

அதனால் வழிகள் பல. இத்தாலிக்கு 1951இலிருந்து சான்ரேமோ விழா இருக்கிறது. யூரோவிஷனுக்கே அதுதான் முன்மாதிரி. சுவீடன் பெரிய தேசியப் போட்டி வைக்கிறது, 1974இல் அபா குழு வந்தது அந்த வழியில்தான். நெதர்லாந்து 2005 முதல் 2012 வரை ஒருமுறைகூட இறுதிச் சுற்றுக்கு ஏறவில்லை. 2013இல் மக்கள் போட்டியை விட்டுவிட்டு நிறுவனமே கலைஞரைக் கூப்பிட்டது, 2019இல் வென்றது. மூடிய அறையில் தெரிவு செய்தால் தோற்கும், மக்களிடம் விட்டால் வெல்லும் என்றோ, அதற்கு மறுதலையாகவோ யாரும் சூத்திரம் சொல்ல முடியாது.

ஸ்பெயினுக்கு வந்த நெருக்கடி

ஸ்பெயின் 1961இல் பாடத் தொடங்கியது. 1968இலும் 1969இலும் வென்றது. 1995இல் இரண்டாம் இடம். பிறகு சரிவு. 2016இல் 22ஆம் இடம், 2017இல் 26, அதாவது கடைசி. 2018இல் 23, 2019இல் 22. 2020இல் தொற்றுநோயால் போட்டியே நடக்கவில்லை. 2021இல் 24ஆம் இடம், வெறும் ஆறு புள்ளி. பெரிய அளவில் பணம் கட்டும் ஐந்து நாடுகளில் ஒன்று என்பதால் அரையிறுதி இல்லாமல் நேரே இறுதிக்குப் போகும் சலுகை வேறு அதற்கு இருந்தது. சலுகையோடு போய்க் கடைசி வரிசையில் நிற்பது வலிக்கத்தான் செய்யும்.

ஆகவே அரச ஒலிபரப்பு நிறுவனம் வலென்சியா மாநில அரசோடு சேர்ந்து, கடற்கரை ஊரான பெனிடோர்மில் ஒரு புதிய விழாவைத் தொடங்கியது. 2022 ஜனவரி 26, 27இல் அரையிறுதிகள், 29இல் இறுதி. பதினான்கு பாட்டுத் தெரிவாகி, ஒரு பாடகி விழா தொடங்குமுன்னே விலகினார். குரலைத் திருத்தும் ஓட்டோட்யூன் கருவியை மேடையில் பயன்படுத்த யூரோவிஷன் விதி இடங்கொடுக்காததுதான் காரணம். இறுதிக்கு எட்டுப் பாட்டு வந்தன.

தீர்ப்பு முறையைக் கவனமாகப் பாருங்கள், முழுச் சண்டையும் இதற்குள்தான் இருக்கிறது. நிபுணர் நடுவர்களுக்கு நூற்றுக்கு 50 வீதம். அதற்குள் வெளிநாட்டு நடுவர்களுக்கு 30, உள்நாட்டு நடுவர்களுக்கு 20. அடுத்த 25 வீதம், புள்ளிவிவர முறைப்படி பொறுக்கியெடுத்த பொதுமக்கள் மாதிரிக் குழுவுக்கு. மிச்ச 25 வீதம் தொலைபேசி வாக்குக்கு.

மூன்று பாட்டும் எங்கள் விறாந்தையும்

பெயரைச் சொல்லாமல் மூன்று நிகழ்ச்சிகளையும் போட்டுக் காட்டினேன்.

முதலாவது சனேல் என்ற பாடகி. ஹவானாவில் பிறந்து கட்டலோனியாவில் வளர்ந்தவர், இசை நாடக மேடையில் வேலை செய்தவர். பாட்டு ஸ்பானியமும் கொஞ்சம் ஆங்கிலமும் கலந்தது. ஆட்டம் அபாரம். மூச்சு வாங்காமல் ஆடிக்கொண்டே சுருதி விலகாமல் பாடுகிறார். டீச்சர் இரண்டு தரம் திரும்பப் போடச் சொன்னார். "இந்த ஆட்டத்தோடு சுருதி நிற்கிறதே, இது லேசான சாதகம் இல்லை பிள்ளை" என்றார். பாட்டின் சொற்களில் பெரிதாக ஒன்றுமில்லை என்பது என் எண்ணம். ஆனால் மேடை வேலையைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது ரிகோபெர்த்தா பந்தினி. தாய்மையையும் பெண்ணுடலையும் பற்றிய பாட்டு. இதற்கு எங்களிடம் கருத்து வேறுபாடு இல்லை. எல்லாருக்கும் பிடித்திருந்தது, யாருக்கும் உயிர் போகிற அளவுக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது தான்ஷுகெய்ராஸ். மூன்று பெண்கள். ஸ்பெயினின் வடமேற்கு மூலையான கலீசியாவைச் சேர்ந்தவர்கள், பாடுவது கலீசிய மொழியில். கையில் சிறு தோல் கருவி, விளிம்பில் சிலம்பு போல உலோகத் தட்டுகள். பாட்டின் நடுவில் ஒரு வரியை ஸ்பெயினின் வேறு மொழிகளிலும் மாற்றிப் பாடுகிறார்கள். தொடங்கி அரை நிமிடத்தில் நானா கதிரை நுனிக்கு வந்துவிட்டார். "இது எங்கட றபான் அடியல்லவா!" என்றார். கிண்ணியாப் பக்கத்தில் பக்கீர்மார் றபான் மேளம் அடித்து பைத் என்ற பாட்டுகள் சொல்வதைக் கேட்டு வளர்ந்த காது அது. அப்புறம் அந்தப் பெண்கள் தொண்டையிலிருந்து ஒரு நீண்ட கூவலை எழுப்பினார்கள். கலீசியாவில் அதற்கு அத்துரூஷோ என்று பெயர். உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த வீட்டு மாமி வாசலுக்கு வந்து, "ஆர் குரவை போடுறது?" என்று கேட்டார். அம்மன் கோயிலிலும் முஸ்லிம் கல்யாண வீட்டிலும் எங்கள் பெண்கள் போடும் அதே குரவை. ஒன்பதாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வந்த ஒரு சத்தத்துக்கு எங்கள் ஊர் மாமியிடம் பெயர் தயாராக இருந்தது. சிறுபான்மை மொழிப் பாட்டு வெளியே எடுபடாது என்று சொல்பவர்களுக்கு முன்னால் நான் வைக்கக்கூடிய முதல் சாட்சி அந்த மாமிதான்.

கணக்கு

இறுதி முடிவு: சனேல் 96, ரிகோபெர்த்தா பந்தினி 91, தான்ஷுகெய்ராஸ் 90.

நிபுணர்கள் சனேலுக்கு 51 கொடுத்தார்கள், பந்தினிக்கு 46, தான்ஷுகெய்ராஸுக்கு 30. மக்கள் மாதிரிக் குழுவிலும் தொலைபேசி வாக்கிலும் தான்ஷுகெய்ராஸ்தான் முதலிடம், இரண்டிலும் முழுப்புள்ளி 30. தொலைபேசி வாக்கின் விபரம் வெளியானபோதுதான் ஸ்பெயின் கொதித்தது. தான்ஷுகெய்ராஸ் 70.75 வீதம். பந்தினி 18.08. வென்ற சனேல் 3.97.

"நூற்றுக்கு எழுபது எடுத்தவ மூண்டாமிடமா? நாலு எடுத்தவ முதலாமிடமா?" அண்ணர் நம்பவில்லை. நான் தாளைக் காட்டினேன்.

நானாதான் முடிச்சை அவிழ்த்தார். தொலைபேசி வாக்கில் முதலாமிடத்துக்கு 30, இரண்டாமிடத்துக்கு 25, மூன்றாமிடத்துக்கு 20 என்று வரிசைக்கு ஏற்பப் புள்ளி கொடுத்திருக்கிறார்கள். வாக்கின் பங்கைப் பார்க்கவில்லை, வரிசையை மட்டும் பார்த்தார்கள். 70.75க்கும் 3.97க்கும் இடையில் ஏறக்குறைய பதினெட்டு மடங்கு. அட்டவணைக்குள் போய் வெளியே வரும்போது அது 30க்கு 20, ஒன்றரை மடங்கு. பதினெட்டாயிரம் பேர் நின்ற வரிசையும் ஆயிரம் பேர் நின்ற வரிசையும் கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்றரைக்கு ஒன்றாகத் தெரிகின்றன. மறுபக்கம் நிபுணர்களிடம் அதே இருவருக்கும் இடையில் 21 புள்ளி வித்தியாசம். கடதாசியில் மக்களுக்குப் பாதி, நிபுணர்களுக்குப் பாதி. நடைமுறையில், தொலைபேசி வாக்கு எவ்வளவு மோதினாலும் 10 புள்ளிக்கு மேல் நகர்த்தவில்லை.

இன்னொரு கணக்கும் போட்டோம். புள்ளிகளை அப்படியே வைத்துக்கொண்டு நிபுணர்களின் பங்கை 50இலிருந்து 40ஆகவும், மக்களின் பங்கை 60ஆகவும் மாற்றினோம். சனேலுக்கு 94.8 வருகிறது, தான்ஷுகெய்ராஸுக்கு 96. வெற்றியாளர் மாறிவிடுகிறார். 45க்கு 55 என்று வைத்தால் சனேல்தான். ஆக, ஸ்பெயினின் பாட்டைத் தீர்மானித்தது அந்த இரவுக்குப் பல மாதம் முன்னால் யாரோ ஓர் அறையில் எழுதிய ஒரு வீதம். எண்ணும் விதிதான் முடிவு என்று எங்கள் ஊருக்கும் தெரியாத விஷயமில்லை. 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் முதல் தடவையாக இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்கை எண்ணினார்கள். அதுவரை வாக்குச்சீட்டில் 2, 3 என்று எழுதலாம் என்பதையே பலர் மறந்துபோயிருந்தார்கள்.

பிறகு நடந்தது

நிபுணர் குழுவில் இருந்த ஒருவர் சனேலோடு முன்பு வேலை செய்தவர் என்பது வெளியே வந்தது. கட்சிகள் பாராளுமன்றத்தில் கேள்வி எழுப்பின. ஒரு பாட்டுப் போட்டிக்காக! ஆனால் பிரச்சினை பாட்டைத் தாண்டிப் போயிருந்தது. ஒரு நாட்டின் பெயரில் எந்த மொழி பேசலாம் என்பதாக அது மாறிவிட்டது.

இதில் மிகவும் கேவலமான பகுதி சனேலுக்கு நடந்தது. விதியை எழுதியது அவர் இல்லை. கூப்பிட்டார்கள், போனார், தன் வேலையைத் திறமாகச் செய்தார். அவரை வசைபாடியதில் அவர் டுவிட்டரை விட்டே விலக வேண்டி வந்தது. பிறப்பையும் உடலையும் இழுத்துப் பேசினார்கள். நிறுவனத்தின் அட்டவணை மேல் வர வேண்டிய கோபம் ஒரு பெண்ணின் மேல் போய் விழுந்தது. தான்ஷுகெய்ராஸின் பக்கம் நின்று எழுதும் நான் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கத்தில் நின்ற சிலரும் அதைச் செய்தார்கள்.

இறுதிப் போட்டி மே 14 இரவு இத்தாலியின் துரின் நகரில். எங்களுக்கு அது 15ஆம் திகதி நள்ளிரவு பன்னிரண்டரை. அந்தக் கிழமை திருகோணமலையில் இருந்தவர்களுக்கு அதை மறக்க முடியாது. பிரதமர் மகிந்த ராஜபக்ஷ 9ஆம் திகதி பதவி விலகி, மறுநாள் குடும்பத்தோடு எங்கள் துறைமுகத்துக் கடற்படைத் தளத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். வெளியே ஆர்ப்பாட்டம், நாடெங்கும் ஊரடங்கு, மின்வெட்டு, பெற்றோல் வரிசை. போனில் மிச்சமிருந்த சார்ஜில் நான் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். காளைச் சண்டை வீரரின் அங்கியை நினைவூட்டும் உடுப்பில் சனேல் ஆடினார். 459 புள்ளி, மூன்றாம் இடம். ஸ்பெயினுக்கு 1995க்குப் பிறகு கிடைத்த மிகச் சிறந்த இடம். நடுவர்களிடமிருந்து 231, மக்களிடமிருந்து 228. ஏறக்குறைய சமம். ஸ்பெயினில் 3.97 வீதம் வாக்கு எடுத்தவரை ஐரோப்பாவின் மக்கள் அள்ளி அணைத்தார்கள்.

அப்படியானால் நிபுணர்கள் சரியா?

டீச்சர் ஓம் என்கிறார். "மேலே எது எடுபடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்." அவரோடு இரண்டு கிழமை மல்லுக்கட்டினேன்.

சனேல் நல்ல தெரிவு என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். வெளிநாட்டு நடுவர்களை வைத்ததன் நோக்கமே வெளிநாட்டுக் காதை முன்கூட்டி அறிவதுதான், அது பலித்தது. ஆனால் மூன்றாம் இடம் வந்தது என்பதால் தெரிவு முறையும் நேர்மையானது என்று ஆகிவிடாது. தான்ஷுகெய்ராஸ் துரினுக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைக் காட்ட எந்த மேடையும் இல்லை. பரீட்சைக்கே விடப்படாத பிள்ளை சித்தியடைந்திருக்காது என்று சொல்வது என்ன நியாயம்?

அதே துரின் மேடையில் எதிர்ச்சாட்சியும் நின்றது. உக்ரைனின் உள்நாட்டுத் தெரிவில் கலுஷ் ஒர்கெஸ்ட்ரா என்ற குழு இரண்டாம் இடம்தான். முதலிடம் பெற்ற பாடகி அலினா பாஷ், ரஷ்யா கைப்பற்றிய கிரிமியாவுக்குப் போன பயணம் பற்றிய சர்ச்சையால் விலகியதால் அவர்களுக்கு வாய்ப்பு வந்தது. அவர்கள் சம்மதம் சொன்ன இரண்டாம் நாள் போர் தொடங்கியது. அம்மாவைப் பற்றி உக்ரேனிய மொழியில், நாட்டுப்புறக் குழலோடு பாடி 631 புள்ளியுடன் வென்றார்கள். அதில் 439 மக்கள் வாக்கு. போரின் அனுதாபம் அதில் பெரிய பங்கு என்பது உண்மைதான். ஆனால் உள்ளூர்க் குழலும் உள்ளூர் மொழியும் அந்த அனுதாபத்துக்குத் தடையாக நிற்கவில்லையே.

ஸ்பெயினுக்கு இந்தக் காயம் பழையது. 1968இல் ஜுவான் மனுவேல் செராத் என்ற பாடகரைத்தான் முதலில் தெரிவு செய்திருந்தார்கள். அவர் கட்டலோனியாவின் மொழியான கட்டலானில் பாடுவேன் என்றார். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி விடவில்லை. அவர் விலகினார், மாசியெல் என்ற பாடகி அதே பாட்டை ஸ்பானியத்தில் பாடி, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றார். வெற்றி கிடைத்தது. ஆனால் அந்த வெற்றியைப் பற்றி யார் எழுதினாலும் செராத்தின் பெயர் இல்லாமல் எழுத முடியவில்லை. 2022ஐ 1968ஓடு சமமாக வைக்க நான் வரவில்லை. அன்று தடை, இன்று அட்டவணை. பெண்கள் மூவரும் தங்கள் மொழியிலேயே மேடையேறினார்கள், நாடே பார்த்தது. இருந்தாலும் இரண்டு கதையும் ஒரே இடத்தில் முடிகிறது: அந்த மொழி விமானம் ஏறவில்லை.

மொழி என்றதும் விறாந்தை அமைதியானது. 2016 சுதந்திர தினத்தில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. 2020இல் அரச விழாவில் தமிழில் பாடப்படவில்லை. கந்தளாய் நண்பர்தான் மௌனத்தைக் கலைத்தார். "2016இல் ரேடியோவில் கேட்டபோது மெட்டு எங்கட மெட்டு, சொல் மட்டும் உங்கட சொல். எனக்கு அது பிடிச்சது" என்றார், தன் தமிழில்.

சிறுபான்மைப் பாட்டை அனுப்பித் தோற்ற நாடும் உண்டு. நோர்வே 1980இல், வடக்கே வாழும் பழங்குடியினரான சாமி மக்களின் பாரம்பரிய யோய்க் ஓதலோடு கூடிய பாட்டை அனுப்பியது. ஆற்றில் அணை கட்டுவதற்கு எதிராகச் சாமி மக்கள் போராடிய காலம் அது. 16ஆம் இடம். அந்தப் பாட்டை நோர்வே மறக்கவில்லை. 2019இல் மறுபடி யோய்க் கலந்த பாட்டொன்று போய், மக்கள் வாக்கில் ஐரோப்பா முழுவதிலும் முதலிடம் எடுத்தது. நடுவர் புள்ளி இழுத்து ஆறாம் இடத்தில் விட்டது. முப்பத்தொன்பது வருடத்தில் மேலே இருக்கும் காது மாறியிருக்கிறது. அது தானாக மாறவில்லை, யாரோ முதலில் தோற்கப் போனதால் மாறியது.

என் முடிவு இது. ஸ்பெயினின் பிழை நிபுணர்களை வைத்ததில் இல்லை. வெல்லக்கூடிய பாட்டைத் தேடுகிறோமா, நாடு தன்னுடையது என்று சொல்லும் பாட்டைத் தேடுகிறோமா என்பதை முன்னரே வெளிப்படையாகச் சொல்லாமல், மக்களிடம் காசு கட்டி வாக்குப் போடச் சொன்னதில் இருக்கிறது. வெல்வதுதான் நோக்கம் என்றால் நெதர்லாந்து போல உள்ளே தெரிவு செய்யலாம், அதில் ஏமாற்று இல்லை. மக்களைக் கேட்டால், கேட்ட பங்கை அப்படியே எண்ண வேண்டும். எழுபது வீதம் எழுபதாகவே மேசைக்கு வர வேண்டும்.

எங்கள் பாட்டு எது?

இலங்கைக்கு யூரோவிஷன் இல்லை. ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2012இல் சியோலில் தொடங்கிய தொலைக்காட்சிப் பாடல் விழாவில் வெற்றி தோல்வி கிடையாது. ஆனாலும் கடைசி ஞாயிறு கேட்டுப் பார்த்தோம், அனுப்புவதென்றால் எதை அனுப்புவது? டீச்சர் எங்கள் ஊர் பரமேஷ் - கோணேஷ் சகோதரர்களின் மெல்லிசை வழியில் புதிதாக ஒன்று என்றார். கந்தளாய் நண்பர் ஆட்டப் பாட்டான பைலா என்றார். நானா, றபானும் குரவையும் இல்லாமல் எதுவும் போகக் கூடாது என்றார். அண்ணர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்பா" என்றார்.

கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க, கயிற்றில் நிற்பவர்கள் எல்லாரும் திருப்பிச் சொல்லும் பாட்டு. அவர் எழுந்து நின்று எடுத்துக்கொடுத்தார், நாங்கள் திருப்பிச் சொன்னோம், மாமி உள்ளேயிருந்து குரவை போட்டார். நான் போனில் நேரம் பிடித்தேன். மூன்று நிமிடத்தில் நிறுத்தச் சொன்னதும் அண்ணர் மூச்சு வாங்கியபடி, "இன்னும் கயிறே முடியேல்ல தங்கச்சி, வலை எங்க, மடி எங்க?" என்றார்.

தொடக்கத்தில் மெதுவாகப் போகும் பகுதியை வெட்டலாம் என்று டீச்சர் சொல்கிறார். வெட்டினால் இழுக்க முடியாது என்று அண்ணர் சொல்கிறார். வருகிற ஞாயிறு நானா றபான் கொண்டுவருகிறார். தம்பலகாமத்துத் தாலாட்டை என்னைப் பாடச் சொல்லியிருக்கிறார்கள்.